ஜெனரேட்டர், மோட்டார், சாலை: சத்தத்தை அளந்து குறைப்பது

மின்வாரியத்தின் பராமரிப்பு நாள். காலை 9 மணிக்குக் கரண்ட் போகும், 2 மணிக்கு வரும் என்று முந்தின நாளே பேப்பரில் போட்டிருப்பார்கள். 9 அடித்த கையோடு சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தின் குறுக்குத் தெரு ஏதாவது ஒன்றில் போய் நில்லுங்கள். முதலில் ஒரு ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பும். அது மூச்சு வாங்கி முடிப்பதற்குள் எதிர்வீட்டுக்காரருடையது. பங்களா இருந்த மனைகளில் எல்லாம் இன்று அடுக்குமாடி. தரைத்தளம் முழுக்கக் கார் நிற்கிறது. ஜெனரேட்டருக்கு மிச்சமிருப்பது காம்பவுண்டுச் சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவில் உள்ள சந்துதான். இரண்டு சுவரும் சத்தத்தைப் பந்தாடி மாடிக்கு அனுப்பிவிடும்.

எங்கள் கட்டடத்திலும் அதுதான் நடந்தது. மூன்றாவது மாடி மாமி வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தன. அசோசியேஷன் கூடியது, பணம் வசூலானது, சந்துச் சுவர் முழுக்கக் கறுப்பு ஃபோம் ஒட்டினோம். டம்ளர்கள் அப்படியே கிணுகிணுத்தன. பிறகுதான் ஒரு மீட்டரைக் கடன் வாங்கி அளந்தேன். புகைக்குழாயைத் தூணோடு இறுக்கியிருந்த ஒரே ஒரு இரும்பு கிளாம்ப்தான் குற்றவாளி. “ஆடுச்சு சார், அதான் டைட் பண்ணி வச்சேன்” என்றார் அதைப் பூட்டிய மெக்கானிக். அவர் மேல் தப்பில்லை. அளக்காமல் பணம் வசூலித்த எங்கள் மேல்தான்.

இந்த அத்தியாயம் அந்தத் தப்பைத் தவிர்ப்பதற்கு. படித்துவிட்டு நீங்களே அளக்கலாம், எது சத்தம் போடுகிறது, எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்கலாம், பெரும்பாலான வேலைகளைப் பிளம்பர், ஃபிட்டர் துணையோடு முடித்துவிடலாம்.

கையில் இருக்க வேண்டியவை

சத்தம் அளக்கும் மீட்டர் ஒன்று. ‘கிளாஸ் 2’ என்று போட்டிருந்தால் நம் வேலைக்குப் போதும். கிளாஸ் 1 இன்னும் துல்லியமானது. ஏ, சி என்ற இரண்டு அளவுமுறைகளும் அதில் இருக்க வேண்டும். மைக்கின் தலையில் மாட்டும் ஃபோம் உருண்டையை மறக்காதீர்கள். கூடவே அளவு நாடா, மீட்டரை நிறுத்த ஒரு டிரைபாட், நீண்ட ஸ்க்ரூ டிரைவர், டார்ச், நோட்டுப் புத்தகம்.

மீட்டர் கிடைக்காவிட்டால் போன் செயலியில் தொடங்கலாம். அமெரிக்காவின் நையோஷ் நிறுவனம் ஐபோனுக்கென்று இலவசமாக வெளியிட்டிருக்கும் செயலி ஓரளவு நம்பகமானது. மற்ற போன்களில் மைக் ஒவ்வொன்றும் ஒரு விதம். அவற்றில் வரும் எண்ணைப் புகார் மனுவில் எழுதாதீர்கள். ‘முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு’ என்று ஒப்பிட மட்டும், அதே போனை அதே இடத்தில் வைத்துப் பயன்படுத்தலாம்.

> குறிப்பு: வாடகைக்கு மீட்டர் எடுத்தால் காலிபரேட்டரையும் கேட்டு வாங்குங்கள். மைக்கில் பொருத்தினால் 94 டெசிபல் சத்தம் தரும் சின்னக் கருவி அது. மீட்டர் 94 காட்டாவிட்டால், அன்றைய அளவுகள் எதற்கும் உதவாது.

இவ்வளவு கணக்கு போதும்

டெசிபல்களை வீட்டு வரவுசெலவு போலக் கூட்ட முடியாது. 60 டெசிபல் போடும் இரண்டு மோட்டார்கள் சேர்ந்து ஓடினால் 63. 70 போடும் ஜெனரேட்டரோடு 60 போடும் மோட்டார் சேர்ந்தால் 70.4. இந்த இரண்டாவது எண்ணை இன்னொரு முறை பாருங்கள். மோட்டாரை அடியோடு பிடுங்கி எறிந்தாலும் 70.4 என்பது 70 ஆகும், அவ்வளவுதான்; காதுக்குத் தெரியவே தெரியாது. அதே உழைப்பில் ஜெனரேட்டரை 10 டெசிபல் குறைத்தால் மொத்தம் 63-க்கு இறங்கும். இருப்பதில் பெரிய சத்தத்தை முதலில் பிடிக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம். எங்கள் ஃபோம் தோற்றதும் இதனால்தான்.

10 டெசிபல் குறைந்தால் சத்தம் ஏறக்குறைய பாதியானதாகத் தோன்றும். 3 குறைந்தால் கவனித்துக் கேட்பவருக்குத் தெரியும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். சந்திலும் ஸ்டில்ட் பார்க்கிங்கிலும் அவ்வளவு குறையாது.

ஏ, சி என்பவை எதற்கு? நம் காது அடித்தொனியை மந்தமாகவே கேட்கும். ஏ அளவு அதைப் பின்பற்றி 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபல் கழித்துவிடும். சி ஏறக்குறைய ஒன்றும் கழிக்காது. ஆகவே ஒரே இடத்தில் சி அளவு ஏ அளவைவிட 15-க்கு மேல் கூடுதலாக வந்தால், உங்கள் பிரச்சினை ‘ஊ...ம்’ என்ற அடித்தொனி. அடுக்குமாடிகளின் டீசல் ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுற்றுபவை. நாலு சிலிண்டர் என்றால் நொடிக்கு 50 வெடிப்பு, அதாவது 50 ஹெர்ட்ஸ். அந்த ஒலியலையின் நீளம் 7 மீட்டர். இரண்டு அங்குல ஃபோம் அதன் வழியில் ஒரு திரைச்சீலைக்குக்கூடச் சமம் இல்லை.

அளப்பது எப்படி

1. நேரம் பாருங்கள். நம் பேட்டையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறும். காற்று மைக்கில் உரசினால் இல்லாத சத்தத்தை மீட்டர் காட்டும்; ஃபோம் உருண்டை ஓரளவுதான் காக்கும். விடியற்காலையில் குயிலும் காக்கையும். மழைக்காலத்து ராத்திரியில் தவளை. மார்கழியில் பஜனை. இரவு 11 மணிக்கு மேல் காற்றில்லாத நாள் நல்லது. ஜெனரேட்டரை அந்த நேரத்தில் ஓட்டினால் தெருவே எழுந்து வரும், அதனால் அதை மட்டும் பகலில் வையுங்கள்.

2. பின்னணியை முதலில் அளங்கள். எல்லா மெஷினும் நின்றிருக்க, அதே இடத்தில், ஒரு நிமிஷம். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

3. மீட்டரை ஏ அளவிலும் ‘ஸ்லோ’விலும் வையுங்கள். மைக் தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரம். டிரைபாடில் நிறுத்திவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நெஞ்சோடு பிடித்தால் உங்கள் உடம்பே சத்தத்தைத் திருப்பி அடிக்கும்.

4. மெஷினைச் சுற்றி நாலு பக்கமும் 1 மீட்டர் தள்ளி அளங்கள். எந்தப் பக்கம் அதிகம் என்பது முக்கியத் துப்பு. ரேடியேட்டர் பக்கம் மற்ற பக்கங்களைவிட மிகையாக வந்தால் காற்று வழி. கதவுப் பக்கம் என்றால் ரப்பர் பீடிங் போய்விட்டது.

5. புகார் சொன்னவர் வீட்டில் அளங்கள். கட்டில் தலைமாட்டில், ஜன்னல் திறந்து ஒரு முறை, மூடி ஒரு முறை. ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்திவிட்டு.

6. அதே இடங்களில் சி அளவிலும் ஒரு முறை.

7. எழுதுங்கள். தேதி, மணி, இடம், எது ஓடியது, எது நின்றது, ஏ, சி. பேப்பர் துண்டில் எழுதினால் தொலையும்.

பிறகு பின்னணியைக் கழிக்க வேண்டும். மெஷின் ஓடும்போது வந்த அளவு பின்னணியைவிட 10 கூடுதல் என்றால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 6 முதல் 9 வரை என்றால் 1 கழியுங்கள். 4, 5 என்றால் 2. 3 என்றால் 3. அதற்கும் குறைவென்றால் நீங்கள் அளந்தது மெஷினை அல்ல, தெருவை. வேறு நேரத்தில் வாருங்கள்.

*அடிக்கடி நடக்கும் தவறுகள்:* சுவரை ஒட்டி மீட்டரை வைப்பது (சுவர் திருப்பி அடிப்பதால் 3 டெசிபலோ அதற்கு மேலோ கூடுதலாக வரும்). ஹார்ன் அடித்த கணத்தில் தெரிந்த உச்ச எண்ணை எழுதிக்கொள்வது. ஜெனரேட்டரை லோடு இல்லாமல் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படுவது. லிஃப்டும் மோட்டாரும் அதன் தலையில் ஏறும்போதுதான் அது வாய் திறக்கும்.

எந்த வழியாக வருகிறது?

சத்தத்துக்கு இரண்டு வழி: காற்று, கட்டடம். முதலாவதற்கு அடைப்பு வேண்டும். இரண்டாவதற்குத் தொடர்பை அறுக்க வேண்டும். ஒன்றின் மருந்து இன்னொன்றுக்குச் செல்லாது. கண்டுபிடிக்கச் சில எளிய வழிகள்:

ஜன்னலை மூடிப் பாருங்கள். சத்தம் நன்றாகக் குறைந்தால் காற்று வழி. அசையவே இல்லையென்றால் கட்டடத்தின் வழி.

அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அந்த வீட்டுத் தரையில் வையுங்கள். மெஷின் ஓடும்போது சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீரில் நுண்ணிய வளையங்கள் நின்றால் தரை அதிர்கிறது.

ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் குழாயிலும் சுவரிலும் தூணிலும் மாற்றி மாற்றி வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் அழுத்துங்கள். மெக்கானிக்குகள் பேரிங் பார்க்கும் பழைய வித்தை. எங்கள் கிளாம்ப் இப்படித்தான் மாட்டியது; தூணில் வைத்ததும் தலைக்குள்ளேயே எஞ்சின் ஓடுவது போலிருந்தது.

> எச்சரிக்கை: ஓடும் ஃபேன், பெல்ட், புகைக்குழாய் அருகில் ஸ்க்ரூ டிரைவரை நீட்டாதீர்கள். துண்டு, வேட்டி நுனி, நீண்ட தலைமுடி எதுவும் தொங்கக் கூடாது. 85 டெசிபலுக்கு மேல் இருக்கும் இடத்தில் காதடைப்பான் இல்லாமல் நிற்காதீர்கள்.

தண்ணீர் மோட்டார்

இதில் தொடங்குவது நல்லது. செலவு குறைவு, பலன் அன்றைக்கே தெரியும்.

சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் மோனோபிளாக் நிமிஷத்துக்கு சுமார் 2,880 சுற்று சுற்றும், நொடிக்கு 48. அந்த அதிர்வு தரைக்கும் குழாய்க்கும் போய், குழாய் போகும் வழியில் உள்ள எல்லா பாத்ரூம் சுவரையும் பேச வைக்கும். மோட்டார் அறைக்கு எத்தனை கதவு போட்டாலும் பயனில்லை.

1. முதலில் மோட்டாரின் உடல்நிலை. ‘கர கர’ என்றால் பேரிங். கூழாங்கல்லை அரைப்பது போலிருந்தால் உறிஞ்சும் பக்கம் அடைத்திருக்கிறது. ஃபுட் வால்வைக் கழற்றிக் கழுவுங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் ரப்பர் வைப்பது, பல்வலிக்குத் தலையணை மாற்றுவது போலத்தான்.

2. கரண்டைத் துண்டியுங்கள். சுவிட்ச் அல்ல, மெயின். ஃபியூஸ் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கிய தரையில் வேலை செய்யாதீர்கள். தண்ணீர் குறைந்ததும் தானாக ஸ்டார்ட் ஆகும் ஆட்டோமேடிக் கன்ட்ரோலர் இருந்தால் இரண்டு மடங்கு கவனம்.

3. கனமான அடிப்பலகை. மோட்டாரை மட்டும் ரப்பரில் வைத்தால் துள்ளும். இரண்டடிக்கு ஒன்றரை அடி, நாலு அங்குலக் கனத்தில் ஒரு கான்கிரீட் பலகை வாருங்கள். கிட்டத்தட்ட 70 கிலோ வரும். போல்ட்டுகளை அதிலேயே பதித்து விடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆற விடுங்கள்.

4. பலகையின் நாலு மூலையிலும் ரப்பர் பேட். இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுவது. கடைக்காரர் தரும் கெட்டி ரப்பர் கல்லுக்குச் சமம். பேட்டின் உயரத்தை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள், பாரம் ஏற்றிய பிறகு மறுபடி அளங்கள். ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் சரி. இறங்கவே இல்லையென்றால் மெத்தென்ற ரப்பர் வாங்குங்கள், அல்லது பேட்டின் பரப்பைக் குறையுங்கள். பலகைக்கும் தரைக்கும் நடுவே சிமென்ட் துண்டு, கல், பழைய போல்ட் எதுவும் இடிக்கக் கூடாது. ஒரே ஒரு கல் இடித்தாலும் மொத்த வேலையும் பாழ்.

5. குழாயில் ரப்பர் பெல்லோஸ். தண்ணீர் தள்ளும் பக்கத்தில் கண்டிப்பாக, உறிஞ்சும் பக்கத்தில் முடிந்தால். இதை விட்டுவிட்டு பேட் மட்டும் வைத்தால் அதிர்வு குழாய் வழியே சிரித்துக்கொண்டு போகும்.

6. சுவர் கிளாம்புகள். ஒவ்வொன்றையும் கழற்றி, குழாயைச் சுற்றி ரப்பர் வைத்து மாட்டுங்கள். எலும்பு உடையும்படி இறுக்க வேண்டாம். குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் சிமென்ட் பூசியிருந்தால் கொத்திவிட்டு மெத்தென்ற சீலன்ட் நிரப்புங்கள்.

7. மோட்டார் நிற்கும்போது ‘டமார்’ என்கிறதா? ஏறின தண்ணீர் திரும்பி விழுந்து, என்.ஆர்.வி. என்கிற ஒருவழி வால்வின் பலகையை அறைகிறது. ஸ்பிரிங் வைத்த வகைக்கு மாற்றுங்கள்.

போர்வெல்லுக்குக் கம்ப்ரஸர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதன் ‘டப் டப்’பில் பெரும்பங்கு காற்றை உறிஞ்சும் வாயிலிருந்து வருகிறது. உறிஞ்சு வாய்க்கு ஒரு இன்டேக் சைலன்சர் போட்டால் பாதி குறை தீர்ந்தது. வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் வழக்கத்தையும் விடுங்கள்.

ஜெனரேட்டர்

2005 ஜனவரி 1 முதல் தயாரான, 1,000 கேவிஏ வரையிலான டீசல் ஜெனரேட்டர்கள் கேனபி என்கிற ஒலித்தடுப்புக் கூண்டோடுதான் விற்கப்பட வேண்டும். கேனபியிலிருந்து 1 மீட்டரில் 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. இது மத்திய அரசின் விதி. உங்களுடையதை நாலு பக்கமும் அளந்து சராசரியாக 75-க்குள் வந்தால் மெஷின் நல்லவன், வைத்த இடம்தான் கெட்டது. 80-ஐத் தாண்டினால் கேனபி பழுது.

வேலை தொடங்குமுன் ஒன்று. கரண்ட் போனதும் தானாகக் கிளம்பும் ஏற்பாடு இருக்கும் ஜெனரேட்டர் உங்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பாது. பேனலை ‘ஆஃப்’பில் திருப்புங்கள், பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள், வாட்ச்மேனிடமும் சொல்லி வையுங்கள். ‘ஆட்டோ’வில் விட்டுவிட்டு ஃபேன் அருகில் கை வைத்தவர்களுக்கு விரல் இருந்தால் அதிர்ஷ்டம்.

1. கதவுகள். கேனபிக் கதவின் ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். சென்னை வெயிலில் சில வருஷத்தில் அப்பளம் ஆகிவிடும். உள்ளே டார்ச் வைத்துக் கதவைச் சாத்தி, இருட்டில் வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தமும் வரும். மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தாலே, சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. ஆகவே முதல் செலவு பீடிங்குக்கு, தாழ்ப்பாளுக்கு, வயர் நுழையும் துளைக்கு. சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை.

2. புகைக்குழாய். எஞ்சினுக்கும் குழாய்க்கும் நடுவே நெளிவான ஸ்டீல் பெல்லோஸ் இருக்கிறதா பாருங்கள். விரிசல் விட்டிருந்தால் மாற்றுங்கள். குழாயைக் கட்டடத்தில் தாங்கும் ஒவ்வொரு இடமும் ஸ்பிரிங் அல்லது வெப்பம் தாங்கும் ரப்பர் ஹேங்கராக இருக்கட்டும். எங்கள் கதை நினைவிருக்கட்டும்.

3. சைலன்சர். சைலன்சரின் உள்ளே இருப்பது திடீரென்று அகலமாகி மறுபடி குறுகும் அறைகள். அகலம் மாறும் இடத்தில் ஒலி திரும்பிப் போகிறது, புகை மட்டும் முன்னே போகிறது. எந்த அறை எந்தத் தொனியை எவ்வளவு தடுக்கும் என்று கணக்குப் போடும் துறையில் உலகம் எடுத்து வாசிக்கும் புத்தகங்களுள் ஒன்று நம் பக்கத்து ஊரில் எழுதப்பட்டது: பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எல். முஞ்சால் 1987-ல் வெளியிட்ட ‘அகூஸ்டிக்ஸ் ஆஃப் டக்ட்ஸ் அண்ட் மஃப்ளர்ஸ்’. உங்களுக்கு வேண்டிய சாரம் இதுதான்: அடித்தொனியைப் பிடிக்கச் சைலன்சர் பெரிதாக இருக்க வேண்டும். சின்னதாக, உள்ளே அடைசலாக இருப்பதை வாங்கினால் புகை வெளியேறத் திணறும். எஞ்சின் சூடாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். எஞ்சின் கம்பெனி அனுமதிக்கும் பின்னழுத்தம் எவ்வளவு என்று கேட்டு, அதற்குள் வருவதையே வாங்குங்கள்.

4. காற்று வழி. ரேடியேட்டர் காற்றைத் தள்ளும் வாயை அடைக்க முடியாது. வளைக்கலாம். தகரத்தில் ஒரு டக்ட் செய்து, ஒரு திருப்பமாவது வைத்து, உள்ளே 50 மில்லிமீட்டர் ராக்வூல், அதன் மேல் கண்ணாடி இழைத் துணி, அதன் மேல் துளையிட்ட தகடு. ஒரு முனையிலிருந்து எட்டிப் பார்த்தால் மறுமுனை தெரியக் கூடாது. டக்டின் உள்பரப்பு எங்கேயும் ரேடியேட்டர் வாயைவிடச் சிறுத்துவிடக் கூடாது. உள்ளே வரும் காற்றுக்கும் இதே ஏற்பாடு.

5. அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டுங்கள். கூலன்ட் சூட்டை வேலைக்கு முன்னும் பின்னும் எழுதிவையுங்கள். ஏறிக்கொண்டே போனால் டக்ட் காற்றை நெரிக்கிறது. டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மிச்சம் எங்காவது வெளியேறியாக வேண்டும்.

6. மறுபடி அளங்கள். அதே இடம், அதே லோடு.

> எச்சரிக்கை: ஜெனரேட்டரை நாலு பக்கமும் சுவர் எழுப்பி மூடுவது, மூடிய பேஸ்மென்ட்டுக்குள் தள்ளுவது — இரண்டும் உயிருக்கு ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புகைக்குழாய் மாடிக்கு மேலே போகட்டும். கட்டட உயரத்தோடு, கேவிஏயின் வர்க்கமூலத்தில் ஐந்தில் ஒரு பங்கு மீட்டர் கூட்ட வேண்டும் என்பது மாசுக்கட்டுப்பாட்டு விதி. 100 கேவிஏ என்றால் 2 மீட்டர். எஞ்சின் அருகில் சாதாரண ஃபோம் ஒட்டாதீர்கள். தீப்பிடிக்கும், பிடித்தால் நச்சுப் புகை.

முட்டை அட்டை, தெர்மாகோல், ஜமுக்காளம் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. மூன்றும் சத்தத்தைத் தடுக்காது. தடுக்க எடை வேண்டும். எடை இரட்டித்தால் 6 டெசிபல் கூடுதலாகத் தடுபடும் என்பது தோராயக் கணக்கு, முட்டை அட்டைக்கு ஏது எடை?

உங்கள் பைக்

கடற்கரை உப்புக்காற்று சைலன்சரை அடியிலிருந்து தின்னும். ‘பட பட’ என்று வெடித்தால் முதலில் துரு ஓட்டையையும், எஞ்சினோடு சேரும் இடத்து கேஸ்கெட்டையும் பாருங்கள். வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது அங்கே சோப்புத் தண்ணீர் தெளித்து ஸ்டார்ட் செய்தால், கசியும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். சூடான சைலன்சரில் இதைச் செய்யாதீர்கள்.

அளக்க: திறந்த இடத்தில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். புகை வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி பக்கவாட்டில், வாயின் உயரத்திலேயே மைக். நியூட்ரலில் எஞ்சினை ஒரே வேகத்தில் பிடித்து, மூன்று முறை அளங்கள். நேர் பின்னால் வைத்தால் புகைக்காற்று மைக்கில் அடித்துப் பொய் சொல்லும்.

இந்த எண்ணை, வண்டி வெளிவரும்போது பின்பற்றும் வரம்போடு ஒப்பிடாதீர்கள். அந்தச் சோதனையில் வண்டி 7.5 மீட்டர் தள்ளி உள்ள மைக்கைக் கடந்து ஓடும். வரம்பு 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. அதைத் தெருவில் செய்து பார்க்க முயலாதீர்கள். அதற்கென்று ஓடுபாதை வேண்டும். உங்கள் அளவு பழைய சைலன்சருக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும், அது போதும். கம்பெனி சைலன்சரைக் கழற்றி வெடிக்கிற ரகம் மாட்டியிருப்பவர்களுக்கு இந்த அத்தியாயத்தில் ஆலோசனை எதுவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது.

சாலைப் பக்கத்து ஜன்னல்

கிரீன்வேஸ் சாலை, ராமகிருஷ்ண மடம் சாலை பக்கம் குடியிருப்பவர்களால் சாலையை அமைதியாக்க முடியாது. ஜன்னலைத்தான் பார்க்க வேண்டும். நகரும் ஜன்னல்களில் சட்டங்களுக்கு நடுவிலுள்ள பிரஷ் தேய்ந்திருக்கும். முதலில் அதை மாற்றுங்கள். மறுபடி போடுவதென்றால் நகரும் வகை வேண்டாம், ரப்பர் பீடிங் வைத்துச் சாத்தும் கதவு வகை. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிலிம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி போடுங்கள். ஏசி குழாய்க்குப் போட்ட துளையையும் அடையுங்கள். காம்பவுண்டு ஓரமாக ஒரு வரிசை நெட்டிலிங்கம் நட்டால் சத்தம் குறையும் என்பது ஆறுதல் மட்டுமே. கண்ணுக்குச் சாலை மறைகிறது, காதுக்கு மறைவதில்லை.

பக்கத்துக் கட்டடத்து மெஷின் என்றால்

முதலில் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். எண்ணைக் காட்டினால் சண்டை பாதியாகும். பலிக்காவிட்டால் 2000-ம் ஆண்டு ஒலிமாசு விதிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவில் 45. ஆஸ்பத்திரி, பள்ளி, கல்லூரி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவித்தால் 50-ம் 40-ம். கிரீன்வேஸ் சாலையில், பழைய பிராடி காசில் வளாகத்தில் இசைப் பல்கலைக்கழகமே இருக்கும் ஊர் இது. இந்த எண்கள் இங்கே எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகின்றன என்பதை உங்கள் மீட்டரே சொல்லும். வரம்பைவிட 10 டெசிபல் கூடினால் போலீஸ் கமிஷனர் முதலான அதிகாரிகளிடம் புகார் தரலாம். விதியில் உள்ள எண்கள் ஒரு கணத்து உச்சம் அல்ல, அந்த நேரம் முழுவதற்குமான சராசரி. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2011 முதல் தி.நகர், கிண்டி, திருவல்லிக்கேணி போன்ற இடங்களில் நாள் முழுக்க அளக்கும் நிலையங்களை வைத்திருக்கிறது. நம் பேட்டை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே உங்கள் நோட்டுதான் சாட்சி. ஒரு நாள் அளவை நீட்டாமல், ஒரு வாரத்து அளவுகளைத் தேதியோடு இணையுங்கள்.

முடிந்த பிறகு

வேலை முடிந்து ஒரு வாரம் கழித்து, புகார் சொன்னவர் வீட்டுக்கே போய் அளங்கள். மூன்று மாதத்தில் இன்னொரு முறை. ரப்பர் அமுங்கியிருக்கும், போல்ட் தளர்ந்திருக்கும்.

எங்கள் கட்டடத்தில் கிளாம்பை எடுத்து ஸ்பிரிங் ஹேங்கர் மாட்டிய மறு பராமரிப்பு நாளில் மாமி வீட்டுக்கு மீட்டரோடு போனேன். டம்ளர்கள் வாய் மூடி நின்றன. மாமி காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்: “அது போச்சுப்பா, நிம்மதி. ஆனா இப்போ லிஃப்ட் பக்கத்துலேர்ந்து டிக் டிக்னு ஏதோ கேக்கறதே, முன்னாடி இல்லையே?” முன்பும் இருந்ததுதான். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, பின்னணி அளவிலிருந்து ஆரம்பித்தேன்.